மூடியில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்கு டில்லர் வந்தது எழுபதுகளின் நடுவில். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒருவர் மாந்தோப்பில் களை உழ வாங்கி, இரண்டு வருடம் ஓட்டி, பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தித் துரு ஏற்றி வைத்திருந்த சின்ன வண்டி. ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். கையால் சுழற்றிக் கிளப்பிவிட்டு, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பார்த்தவர்கள் எல்லாம் அது காயலான் கடைக்குப் போக வேண்டியது என்றார்கள். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். இரும்பைப் பற்றி அடுத்தவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

ஒரு மாதம், ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டையில் ரயில் இறங்கி, சைக்கிளில் வீடு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதோடு மல்லுக்கட்டினேன். ஏர் ஃபில்டரில் குளவி கூடு கட்டியிருந்தது. கியர் பெட்டியில் ஆயில் இருந்த இடத்தில் சேறு இருந்தது. பெல்ட் இரண்டும் வெடித்திருந்தன. மண்ணைக் கிளறும் கத்திகளில் பாதி தேய்ந்து போயிருந்தன. அவற்றை நானே அடித்து வளைத்து மாற்றினேன். கடைசியில் அது கிளம்பியபோது தெருவே வந்து நின்றது. அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது இப்போது சொல்வது.

அந்தத் தலைக்கனத்தில்தான் அக்காவிடம் வாயைக் கொடுத்தேன். அக்காவை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தோம். மாமா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் ஒரு ஜோடி மாட்டையும் வைத்துக்கொண்டு அவள் தனியாகவே பயிர் செய்துகொண்டிருந்தாள். மாடுகளுக்கு வயதாகிவிட்டது.

"மாட்ட வித்துடுக்கா. இனிமே உன் நெலத்த நான் ஓட்டிக் குடுக்கறேன்" என்றேன்.

"உன் மிஷின் சாணி போடுமாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் அந்த ஆவணியிலேயே விற்றுவிட்டாள். நான் சொன்னேன் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் வழக்கம்போல எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். மோட்டார், சுவிட்ச், லேத்தின் தலை, ஒன்றையும் விடமாட்டோம். அதே பழக்கத்தில் வீட்டுக்கு வந்து டில்லரைத் தேய்த்துக் கழுவி, கைப்பிடி, பெல்ட் மூடி, சக்கரம் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டீசல் டாங்க் இன்ஜினுக்கு மேலே இருந்தது. அதன் மூடிதான் வண்டிக்கு நெற்றி என்று எனக்குத் தோன்றியது. அதனால் அங்கே மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பெரிய பொட்டாக வைத்தேன். விஜயதசமி வரை கருவிகளைத் தொடக்கூடாது என்பதால் அது ஒரு நாள் முழுக்க அப்படியே காய்ந்தது.

விஜயதசமி அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை ஏரிக்கரை வழியாக அக்கா நிலத்துக்கு ஓட்டிப் போனேன். அவள் நாற்றங்காலில் நாற்றுக்கு முப்பது நாள் முடிந்திருந்தது. இன்னும் ஐந்தாறு நாள் தாங்கும். அதற்கு மேல் முற்றிக் கணு விட்டுவிட்டால், நட்டாலும் கிளைத்துத் தூர் கட்டாது. நடவுக்குப் பெண்களிடம் சொல்லி வைத்திருந்தாள். நிலத்தில் தண்ணீர் கட்டியாயிற்று. சேறு அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அக்கா டின்னில் வாங்கி வைத்திருந்த டீசலை ஊற்றி இறக்கினேன், வண்டி கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது, இருமியது, நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன், டீசல் இருந்தது. மூடிவிட்டுச் சுழற்றினேன், கிளம்பியது. கால் மணி நேரத்தில் மறுபடி நின்றது. அன்று முழுவதும் அப்படியே போயிற்று. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு திருவள்ளூருக்குப் போனேன். அங்கே பழுது பார்ப்பவர் அதைக் கருவியில் மாட்டி அடித்துக் காட்டினார். புகைபோலச் சீராகத் தெளித்தது.

"நாசில்ல ஒண்ணும் இல்ல வாத்தியாரே. வேற எங்கனா பாரு" என்றார்.

இரண்டு நாள் போய்விட்டது. ஊரில் மற்றவர்களின் மாடுகள் அவரவர் நிலத்தில் இறங்கியிருந்தன. அக்கா போய்க் கேட்டாள். தம்பி டில்லர் இருக்கும்போது மாடு எதற்கு என்று இரண்டு இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் நேரே நாற்றங்காலுக்குப் போய் ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வந்தாள். கணு விட்டுவிட்டதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

மூன்றாம் நாள் காலையில் வண்டி நின்றதும் கத்தினேன். "உன் டீசல்தான்கா காரணம். மண்ணெண்ணெ டின்னுல வாங்கினு வந்துகீற. தண்ணியும் தூசும் கலந்துகினு கீது."

"டின்ன கழுவி வெயில்ல காய வச்சிதானேடா எட்துகினு போனேன்."

"கழுவின லட்சணம்தான் தெரியுதே."

பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் காது கேட்கத்தான் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய் ஒரு பழைய வெள்ளைத்துணி கொண்டுவந்தாள். டாங்கில் இருந்ததை எல்லாம் வடித்து, வாயில் துணியைக் கட்டி, டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டி ஊற்றினாள். எனக்குப் பொறுமை இல்லை. துணி கட்டியபடியே இருக்கட்டும் என்று வண்டியைக் கிளப்பினேன்.

அரை மணி ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. கால்வாசி நிலம் சேறாகிவிட்டது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றேன். அக்கா வரப்பில் நின்று தலையாட்டினாள். சேறு தெறித்துத் துணி நனைந்துவிட்டதால் அதை அவிழ்த்துவிட்டு மூடியைப் போட்டு முடுக்கினேன். சரியாகக் கால் மணி நேரம். வண்டி நின்றது.

மூடியைத் திருகித் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மூன்று நாளாக அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், நான் காது கொடுக்கவில்லை. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஓர் ஊசித் துளை உண்டு. மூடியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. மூடியின் மேலே குங்குமம் எப்போதோ போய்விட்டிருந்தது. சேற்றின் அடியில், சிமெண்ட் பூசியதுபோல என் கட்டைவிரல் சந்தனம் இறுகிக் கிடந்தது.

"ஊக்கு இருந்தா குடுக்கா" என்றேன். சுருக்குப் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். துளையில் விட்டுக் குடைந்தேன். மஞ்சளாக ஒரு துணுக்கு உதிர்ந்தது.

"இன்னாடா அது?"

சொல்லியிருக்கலாம். காலையில் நின்றவர்கள் போய்விட்டிருந்தார்கள், அவளைத் தவிர சுற்றிலும் யாரும் இல்லை. "டீசல் அழுக்கு. உன் டின்னுல இருந்து வந்ததுதான்" என்றேன். ஊக்கை என் கால்சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் நிலம் முழுவதும் சேறடித்து முடித்தேன். அதற்கடுத்த நாள் நடவு நடந்தது. நாற்று முப்பத்தைந்து நாளைத் தொட்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் தூர் கட்டாமல் போனதைத் தவிர, பயிர் பிழைத்துக்கொண்டது. நானும் பிழைத்துக்கொண்டதாக நினைத்தேன்.

அதன்பிறகு நான் வண்டியை அவள் நிலத்துக்குக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளைத்துணியோடு வந்து நின்றாள். நவரைப் பட்டத்து நெல்லுக்கு, பிறகு வேர்க்கடலைக்கு, எல்லாவற்றுக்கும். டீசல் டின்னைத் துணியில் சாய்த்து, கடைசிச் சொட்டு இறங்கும் வரை கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே குறுகுறுக்கும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பேன். அப்படிச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெல்ட்டில் ஒன்றும் இருக்காது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்துகொண்டிருந்தேன். டாங்க் மூடியை மட்டும் தாண்டிப் போனேன்.

"மூடியில வைக்கலயா?" என்றாள்.

நான் குனிந்து சக்கரத்துக்குப் பொட்டு வைத்தேன்.

"வைக்காதே. ஓட்ட அடச்சிக்கும்."

கிண்ணத்தோடு நிமிர்ந்தேன். "உனக்குத் தெரியுமா?"

"ஊக்க மோந்து பாத்தேன். டீசல் அழுக்கு சந்தன வாசன அடிக்குமா?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்புறம் எதுக்குக்கா வருசம் பூரா துணிய வச்சிகினு வடிகட்டின?"

"என்னிக்கினா நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, கைப்பிடி இரண்டிலும் அவளே பொட்டு வைத்தாள்.

"பெரியபாளையத்தாண்ட ஒரு சோடி மாடு பாத்து சொல்லி வச்சிகீறேன். நாளைக்கு ஓட்டியாந்துடுவாங்க. நீ லீவு கீவு போடாதே" என்றாள்.

அந்த வருடம் டில்லர் ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை. அக்கா நிலத்துக்கு அது போகவும் இல்லை.