மெலாத்தியின் இரத்தமும் ஸ்டெல்லாவின் சந்தேகமும்

செவ்வாய்க்கிழமை காலை நான் ஈப்போ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் ஜோசப் அழைத்தார். "குணாண்ணே, ஸ்டெல்லா போய்ட்டா. ஆறு மணி இருக்கும். தூக்கத்துலயேண்ணே, வலி ஒண்ணும் இல்ல." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இரண்டு ஆண்டுகளாக நோயில் ஸ்டெல்லாவின் உடம்பு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜோசப்புக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "இனிமே ஊசி இல்லண்ணே" என்றார்.

ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் ஸ்டெல்லா. நம் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பிறகு சேர்ந்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர். வந்த முதல் மாதமே எங்களுக்குள் சண்டை. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த ஆட்டு இரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு, ஆட்டுக்காரருக்குப் போன் போட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். வேலை குவிந்து கிடக்கிறதே என்று கடிந்துகொண்டேன். "ரத்தம் பேசாதுண்ணே, ஆள்தான் பேசும்" என்றார். நான் அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த பலர் மெலாத்தி என்ற குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையில் பாதிதான் நம் கூடத்தில் வேலை செய்யும் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மெலாத்தி, பந்தயத்திலிருந்து ஒதுக்கப்பட்ட பெண் குதிரை. குதிரை பராமரிக்கும் சைஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ராஜு அதைக் கோப்பெங்கில் தன் வீட்டுக்குப் பின்னால் வளர்த்தார். மனைவி இறந்தபின் அவருக்கு வீட்டில் துணை அதுதான். ஏழு மாதச் சினையாக இருந்தபோது அதன் பின்புறத்தில் இரத்தக் கசிவு தெரிந்தது. பார்க்க வந்த மருத்துவர் நாய், பூனைகளுக்கு வைத்தியம் செய்து பழகியவர். குதிரை உதைத்ததால் கையை உள்ளே விட்டுச் சோதிக்க முடியவில்லை. இரத்தத்தை மட்டும் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்.

ஸ்டெல்லா கருவியில் வைத்துப் பார்த்து, முடிவுத் தாளை என் மேசையில் வைத்தார். சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இல்லை என்றே சொல்லலாம், அவ்வளவு குறைவு. நான் யோசிக்கவில்லை. "கரு நிலைக்கவில்லை எனக் கருதலாம்" என்று எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, கோப்பெங் குதிரை ரிப்போர்ட் போயிருச்சா?"

"போயிருச்சு. ஏன்?"

"அது ஏழு மாசம்லா. அந்த நம்பர் குறைவாத்தான் இருக்கும். நீங்க மாட்டுக் கணக்குல பாத்துட்டீங்க."

மேசை ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். "மாட்டுக்கு, ஆட்டுக்கு சினைப்பை கடைசி வரைக்கும் அந்தப் புரோஜெஸ்டிரோன விட்டுக்கிட்டே இருக்கும். குதிரை, கழுதை ஜாதி வேறண்ணே. மொத மூணு நாலு மாசம் கருவோட செல்லுங்க கர்ப்பப்பை சுவத்துல கிண்ணம் மாதிரி உக்காந்து ஒரு ஹார்மோன் விடும். அது சினைப்பைய முடுக்கிக்கிட்டே இருக்கும். அப்புறம் கிண்ணமும் உதிந்துரும், சினைப்பையும் ஓஞ்சிரும். நஞ்சுக்கொடிதான் எல்லாத்தையும் பாத்துக்கும். அது விடுற ஹார்மோன் வேற உருவம். நம்ம மெஷினுக்கு அது தெரியாது."

மருத்துவரை அழைத்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கருப்பையைக் காலி செய்யும் ஊசி போடுவதாக ராஜுவிடம் சொல்லிவிட்டாராம். "செத்த குட்டி உள்ள இருந்தா தாய்க்கு ஆபத்து. உயிரோட இருக்குன்னு ஏதாச்சும் காட்டுங்க, நிறுத்துறேன்" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை.

பழைய கைநூல் ஒன்றில் சிறுநீரை வைத்துச் செய்யும் சோதனை இருப்பது ஸ்டெல்லாவுக்கு நினைவிருந்தது. மதியமே கோப்பெங் போனோம். ராஜு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே மெல்ல விசிலடித்தார். சைஸ்மார் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள் போலும். மெலாத்தி கால்களை அகட்டிச் சிறுநீர் விட்டது. ஸ்டெல்லா பாத்திரத்தோடு பாய்ந்தார். காலணியெல்லாம் நனைந்தது.

"குட்டி இருக்குமா, தங்கச்சி?" என்று ராஜு கேட்டார்.

"தெரியலண்ணே. அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்."

திரும்பி வந்து, சிறுநீரில் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, இன்னொரு திரவத்தோடு குலுக்கிப் பிரித்து, மீண்டும் அமிலம் விட்டுச் சூடாக்கினார். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் அடிப்படலம் பச்சையாக ஒளிர வேண்டும். "இத குட்டி மட்டும் செய்ய முடியாது, நஞ்சுக்கொடி மட்டும் செய்ய முடியாதுண்ணே. குட்டி பாதி செஞ்சு குடுக்கும், நஞ்சுக்கொடி முடிக்கும். ரெண்டுல ஒண்ணு போனாலும் வராது" என்றபடியே குழாயைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பச்சை. இளம் வாழையிலை நிறத்தில் அது மின்னியது.

மருத்துவரிடம் அவர்தான் பேசினார். "எங்க லேப் தப்பு டாக்டர். நாங்க சரியா பாக்கல." நாங்கள் என்றுதான் சொன்னார். ராஜுவிடமும் அப்படியே. ராஜு போனில் அழுதது எனக்கே கேட்டது. அடுத்த வாரம் குதிரை வைத்தியம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். வயதான குதிரைகளுக்கு வருவதுபோல உள்ளே புடைத்திருந்த ஒரு நாளம்தான் கசிந்திருக்கிறது.

நான்கு மாதம் கழித்துக் குட்டி பிறந்தது. அன்று காலை ராஜு ஒரு வாளியோடு நம் கூடத்துக்கு வந்தார். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததா என்று பார்க்க ஸ்டெல்லா கொண்டுவரச் சொல்லியிருந்தார். இரும்பு மேசையில் அதை விரித்து, ஓரம் ஓரமாக விரலால் தடவிப் பார்த்து, "கிழியல, மிச்சம் எதுவும் உள்ள தங்கல" என்றார். பிறகு ராஜுவைப் பக்கத்தில் அழைத்து, "நல்லா பாருங்கண்ணே. இத்தன மாசம் காவல் காத்தது இதுதான்" என்றார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

குட்டியைக் காப்பாற்றியதற்காகக் கூடத்துக்குப் பாராட்டு வந்தது. கூட்டத்தில் என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டேன். அந்த அறிக்கையில் இருந்த கையெழுத்து என்னுடையது என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒருமுறையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மிகவும் மெலிந்திருந்தார். ஜோசப் தேநீர் போட உள்ளே போன நேரத்தில், அந்தக் கூட்டத்தில் வாய்மூடி நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இதையா இத்தன வருசம் தூக்கிக்கிட்டு இருந்தீங்க? நானும் அந்த நம்பரப் பாத்ததும் குட்டி போச்சுன்னுதான் நெனச்சேன். அப்படியே உங்க மேசையில வச்சுட்டுப் போய்ட்டேன்."

"அப்புறம் எப்படி?"

"கேண்டீன்ல போய் உக்காந்தேன். மனசு ஒப்பல. டீ குடிச்சு முடிக்கயில மண்டையில பட்டுச்சு, இது மாடு இல்லையேன்னு. நீங்க டீ குடிக்கப் போகல, அவ்ளோதாண்ணே."

இருவரும் சிரித்தோம். சமையலறையிலிருந்து ஜோசப் எட்டிப் பார்த்தார். அன்று வீடு திரும்பும்போது பல ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு மனம் லேசாக இருந்தது. கேட்க வேண்டியதை அவர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அரை மணி நேரம். முடிவுத் தாள் மேசைக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறேன். தேநீர் குடித்து முடித்த பிறகுதான் கையெழுத்து.