அக்கி எழுத வந்தவள்

என் வீட்டுக்காரருக்கு இடுப்பில் அக்கி வந்தபோது நான் முதலில் சந்தோஷப்பட்டேன். வலது பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள். நன்றாக எரியட்டும் என்றுதான் நினைத்தேன். ஏறக்குறைய ஒரு வருஷமாக அவர் என்னைத் தொடவில்லை. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஆம்பளை சும்மா திரும்பிப் படுப்பானா? வேறு எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். எவள் என்றுதான் தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அக்கி வந்தால் நாங்கள் மருந்துக்கு ஓடுவதில்லை. குயவர் வீட்டுக் கை உள்ளவரைக் கூப்பிட்டு, கொப்புளங்களின் மேல் செங்காவியால் சிங்கம் எழுதச் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் அந்தக் கை மேல் லயத்து விதவை ஒருத்திக்குத்தான் இருந்தது. என்னைவிட இளையவள், என்னைவிட நிறம். நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும்போதுகூட அழகாக இருப்பாள். அது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

காலையில் காவிச் சட்டியும் கோழி இறகுமாக வந்தாள்.

"நீங்க வெளிய நில்லுங்கக்கா. எழுதி முடியிற வரைக்கும் பொஞ்சாதி கண்ணு படக்கூடாது."

என் வீட்டுக்குள் நின்றுகொண்டு என்னையே வெளியே அனுப்பினாள்! பனியில் நின்றேன். உள்ளே என் புருஷன் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என் கை பட்டாலே விலகுகிற இடுப்பு அது. கதவில் காதை வைத்தேன். சோறு, சுடுதண்ணி தவிர என்னிடம் வாய் திறக்காத மனுஷன் அவளிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். அவள் "ம்" கொட்டினாள். இவளேதான் என்று உறுதியாகிவிட்டது.

மறுநாளும் அதே கூத்து. கடைசியாக எழுதிவிட்டு வெளியே வந்தவளை வழி மறித்தேன்.

"என் புருஷன்கிட்ட உனக்கு அப்படி என்னடி ரகசியம்?"

அவள் பதறவில்லை. "அக்கிய நான் பாத்துக்கிட்டேன்க்கா. மத்தத டாக்டர்கிட்டதான் காட்டணும். நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மத்ததுன்னா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லலையா?" சட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அவரால முடியலையாம்க்கா. வெக்கப்படுறாரு."

அந்த வாரமே அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காவி பூசிய இடுப்பைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

"வேற ஏதும் கரைச்சல் இருக்கோ?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். வெட்கத்தை விழுங்கிவிட்டு நான்தான் சொன்னேன்.

"அந்தக் கரைச்சலால அக்கி வந்தது எண்டு சொல்லேலாது. ஆனா சீனி வருத்தம் இருந்தா நரம்பும் ரத்த ஓட்டமும் பழுதாகும், எதிர்ப்புச் சக்தியும் குறையும். ரெண்டு கரைச்சலும் ஒரே ஆளுக்கு வரலாம். ரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

சோதித்தார்கள். ரத்தத்தில் சீனி கூடியிருந்தது, நீரிழிவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அவர், "எவளும் இல்ல புள்ள" என்றார். நம்பினேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவகிட்ட மட்டும் எப்படிங்க சொன்னீங்க?"

"அவ யாரோதானே. அவ சிரிச்சா எந்திரிச்சு வெளிய வந்துடுவேன். நீ சிரிச்சிருந்தா நான் எங்க போவேன்?"

அக்கி ஆறியது. மருந்து எடுக்க எடுக்க, ஒருநாள் அவர் என் பக்கம் திரும்பியும் படுத்தார். அவளைக் கோயிலில் கண்டால் இப்போதும் "அக்கா" என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவள் அவரைத் தொட்டதை எப்போதோ மறந்துவிட்டேன். நான் பனியில் நின்ற அந்த நேரத்தில் அவர் அவளிடம் சொன்னதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நான்.