ஜூன் ஒன்றில் பிறந்த பன்னிரண்டு பேர்

1. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் சர்வே இணையத்தில் திறந்தது.

2. பத்தே முக்காலுக்குப் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஒரு பெண் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்தார்.

3. அன்று மாலைக்குள் அதே ஊரிலிருந்து இன்னும் பதினோரு பெண்கள் அதைத் திறந்தார்கள். பதினோரு பேரும் நான்காவது கேள்வியோடு வெளியே அனுப்பப்பட்டார்கள்.

4. செவ்வாய்க்கிழமை அந்த முதல் பெண் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

5. வெளியே அனுப்பும் விதியை எழுதியவள் நான்.

அப்போது நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். சித்தூரில் என் வீட்டில் அதைக் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். நான் செய்தது கேள்விகளுக்கு நடுவே வழி போடுவது. 'குழந்தை இருக்கிறதா?' இல்லை என்றால் அடுத்த ஐந்து கேள்விகளைத் தாண்டிப் பதினொன்றுக்குப் போ. இதை ஸ்கிப் என்போம். 'வயது பதினெட்டுக்குக் கீழே' என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. இது ஸ்கிரீன் அவுட். முதலில் எல்லாவற்றையும் காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைவேன். பிறகுதான் கம்ப்யூட்டர்.

ஒவ்வொரு சர்வேக்கும் ஒரு சோதனை நாள் உண்டு. அந்த நாட்களைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன். எல்லா வழிகளிலும் யாராவது நடந்து பார்க்க வேண்டும் என்பதால் ஆறு பேரும் வேறு ஆட்களாக மாறுவோம். யார் யாராக மாற வேண்டும் என்று மேலாளர் பட்டியல் கொடுப்பார். நான் அறுபது வயது மாம்பழ வியாபாரியாக இருந்திருக்கிறேன். நாயுடுபேட்டையில் நான்கு பிள்ளைகளோடு இருக்கும் தையல்காரியாக இருந்திருக்கிறேன். மதியம் டப்பாவைத் திறக்கும்போதும் வேஷம் கலையாது. "இன்னா வியாபாரி, தோத்தாபுரி லோடு வந்துச்சா? வெறும் ஊறுகா எடுத்துக்கினு வந்துகிற?" என்று பக்கத்து மேசைப் பெண் என் தட்டில் கை வைப்பாள். தெலுங்கில் ஒருவர் பதில் சொல்ல, தமிழில் ஒருவர் சண்டைக்குப் போக, சாப்பாடு முடிய மூன்று மணி ஆகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை திறந்தது ஒரு பஸ் சர்வே. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களுக்குப் புதிய பஸ் விட இருந்தார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள் போகிறார்கள் என்று எண்ணி, அதைப் பார்த்து வழியை முடிவு செய்வார்கள். எங்களுக்கு வந்த கேள்வித்தாளில் 'இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறீர்களா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்றால், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியைத் தாண்டச் சொல்லியிருந்தது. பஸ் இல்லாதவளிடம்தானே அதைக் கேட்க வேண்டும்? அதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த மிதப்பில்தான் அடுத்த விதியை எழுதினேன். தன் ஊருக்குப் பஸ் வரவேண்டும் என்று ஒரே பெண் பத்து முறை நிரப்பிவிடக் கூடாது. பெயர் கேட்டால் பயப்படுவார்கள். போனை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது, ஒரு வீட்டில் மூன்று பெண்களுக்கு ஒரு போன் இருக்கும். ஆகவே ஊரின் பெயரையும், ஆதாரில் உள்ளபடி பிறந்த நாள், மாதத்தையும் கேட்டேன். மூன்றும் ஒத்துப்போனால் அதே ஆள். சின்ன ஊரில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள் அபூர்வம் என்று கணக்குப் போட்டேன். சோதனை நாளில் ஒரு பிழையும் வரவில்லை. நாங்கள் கற்பனை செய்த ஆட்கள் ஆளுக்கொரு தேதியில் பிறந்திருந்தார்கள்.

உதவி எண்ணின் போன் என் மேசையில்தான் இருந்தது. "செப்பண்டி," என்று தெலுங்கில் தொடங்கினேன்.

"தமிழ் தெரியுமாம்மா?"

"தெரியும்க்கா, சொல்லுங்க."

"அப்பாடா. இன்னாம்மா நீங்க? என்ன மட்டும் உள்ள வுட்டுட்டு எங்க ஊரு பொண்ணுங்கள எல்லாம் வெளிய தள்ளிட்டீங்க. 'நீங்கள் பொருந்தவில்லை'ன்னு வருது. இன்னா பொருந்தல? ஜாதகமா பாக்கறீங்க?"

அந்த வாக்கியத்தையும் நான்தான் எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"வூடு வூடா போயி நான்தான் போட வெச்சேன். இப்ப 'மகாராணி தனியா பஸ்ல போவப் போறியாடி'ன்னு கேக்கறாளுங்க. ஒருத்திக்காக எந்த பஸ்ஸும்மா வரும்?"

அவருக்கு முதல் ஷிப்டு. ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அதுவரை கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். இப்போது கணவருக்கு வெளியூரில் வேலை. "'பஸ்ஸு வந்தா போ, வரலன்னா நின்னுக்கோ'ன்னுட்டாரு. மாசக் கடேசி வரைக்கும்தான் எனக்கு டைம்மு. நாலு வருசமா போய்க்கினு இருக்கேம்மா. நின்னுட்டா திரும்ப எடுப்பாங்களா?"

பேசிக்கொண்டே பதிவுகளைத் திறந்தேன். பதினோரு வரிகள். எல்லாவற்றிலும் நாள் 01, மாதம் 06.

"அக்கா, உங்க பொறந்த நாள் என்னைக்கு?"

"ஜூன் ஒண்ணு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணுதான். இஸ்கூல்ல சேக்க சொல்லோ ஹெட்மாஸ்டரு போட்டது. எங்கம்மாவ கேட்டா 'வேர்க்கடல புடுங்குற நேரம்'னும். அத எந்தக் கட்டத்துல போடுறது?"

போனை வைத்துவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாதி கூட ஜூன் ஒகட்டேம்மா," என்றார். அவருடையதும் ஜூன் ஒன்றுதானாம். சோதனை நாளில் அவரும் ஏதோ ஒரு தேதியைக் கற்பனையாகத்தான் போட்டிருந்தார். சித்தூரில் அப்பாவுக்குப் போன் செய்து, "நைனா, உன் பொறந்த நாள் எப்ப?" என்று கேட்டேன். "எது, நெஜத்துதா, சர்டிபிகேட்டுதா?" என்றார். நான் சித்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். எனக்கு ஒரே தேதிதான். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நைனாவிடம் இதைக் கேட்டதில்லை.

விதியை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் வெளியே அனுப்பப்பட்டவர்களின் லிங்க் மறுபடி திறக்காது. புதிய லிங்க்கை அந்த அக்காவுக்கு அனுப்பி எல்லோருக்கும் தரச் சொன்னேன். செவ்வாய் இரவு வரை ஒருவரும் திறக்கவில்லை. புதன் மாலை ஆறு மணிக்கு சர்வே மூடிவிடும். புதன் காலை நானே அவருக்குப் போன் செய்தேன்.

"போன்னு சொன்ன எடத்துக்கு மறுபடி எதுக்குப் போவணும்ங்கறாளுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க. நாலு மணிக்கு எல்லாரும் ஊருக்கு வந்துருவோம். தப்பு உன்துன்னு நீயே சொல்லு."

நாலரைக்கு அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம், ஒரு குழந்தை, நிறையக் குரல்கள். ஒரே பிறந்த நாளாக இருந்ததால் எல்லோரையும் ஒரே ஆள் என்று எண்ணிவிட்டோம், விதியை எழுதியது நான், தப்பு என்னுடையது என்றேன்.

"நீதான் ஜூன் ஒண்ண ஒத்துக்க மாட்டேன்னியா?" என்றது ஒரு குரல்.

"ஆமாக்கா."

"உனுக்கு எப்பம்மா பொறந்த நாளு?"

"அக்டோபர் பதினேழு."

"கேக்கு வெட்டுவியா?"

"வெட்டுவேன்."

"அதான்!" என்று அந்தக் குரல் சொல்ல, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் என் பின்னால் வந்து நின்றிருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள்.

ஐந்தே காலுக்கு முதல் பதிவு வந்தது. 01, 06. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்று வரும்போதும் பக்கத்து மேசைப் பெண் சத்தமாக எண்ணினாள். ஆறு மணிக்குள் ஒன்பது வந்தன. ஒருத்தி, 'வெளிய போன்னு ஒரு தடவ சொன்னா போதும்' என்று கடைசிவரை மறுத்துவிட்டாளாம். இன்னொருத்தியின் போனில் சார்ஜ் இல்லை. முதல் பெண்ணோடு சேர்த்துப் பத்துப் பேர்.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. மாடியை ஒரு டியூஷன் சென்டர் எடுத்துக்கொண்டது. நான் சித்தூரில் வீட்டிலிருந்தே அதே வேலையை ஒரு பெரிய கம்பெனிக்குச் செய்கிறேன். சோதனையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. யாரும் மாம்பழ வியாபாரியாக மாறுவதில்லை. மதியச் சாப்பாடு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிறந்த நாளை வைத்து நான் யாரையும் அடையாளம் காண்பதில்லை.

அந்த அக்காவோடு எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவதுண்டு. பஸ் ஊருக்குள் வரவில்லை. ஊரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் கூட் ரோடு, அதாவது ரோடுகள் சேரும் முனை வரை வருகிறது. பத்து நிமிடத்துக்குக் கணவர் ஒப்புக்கொண்டார். அக்கா இப்போதும் முதல் ஷிப்டுக்குப் போகிறார்.