கறுப்புக் கட்டத்துக்குள் காஞ்சனா

சித்தூரில் உள்ள மாம்பழக் கூழ் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பணிபுரியும் கமலக்கண்ணன், கூழின் இனிப்பை மூன்று முறை அளந்து பார்க்காமல் ஒருநாளும் பதிவேட்டில் எழுதியதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமையொன்றில், காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

“கமலக்கண்ணன் சாருங்களா? இந்தப் பக்கத்துல பிழை இருந்தா உங்களுக்குப் போன் பண்ணணும்னு போட்டிருக்குது. ரெண்டு பிழை இருக்குது சார். நான் குதிச்சது இருபதடி இல்ல, தர்ட்டி ஃபீட். அப்புறம், நான் சாவல.”

பேசியவர் நகரி காஞ்சனா. கமலக்கண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெட்கமும் அச்சமும் பின்னால்தான் வந்தன. முதலில் வந்தது, நான்கு மாதமாக நெஞ்சிலிருந்த ஒரு கல் இறங்கிய ஆறுதல். அந்தப் பெண்மணிக்காக அவர் உண்மையாகவே துக்கம் அனுசரித்திருந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட ‘இடிமங்கை’ என்னும் தொலைக்காட்சித் தொடரை இப்பகுதியில் பார்க்காதவர்கள் குறைவு. இடியைக் கையில் பிடித்து எறியும் வீராங்கனை அவள். தொடர் முடிந்த பிறகு திருப்பதிப் பதிப்பகம் ஒன்று அவளைப் படக்கதையாக வெளியிடத் தொடங்கியது. இன்றும் மாதந்தோறும் வருகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ‘இடிமங்கைத் துணுக்குகள்’ எழுதுபவர் கமலக்கண்ணன். திரையில் அவளுக்கு எத்தனை வளையல், படக்கதையில் எத்தனை, எந்த இதழில் காலணியின் நிறம் மாறியது என்று எதைக் கேட்டாலும் இதழ் எண்ணோடு சொல்வார். மாம்பழக் காலமான மூன்று மாதங்களில் அவருக்கு மூச்சுவிட நேரமிராது. மற்ற மாதங்களை இடிமங்கைக்குக் கொடுத்துவிடுவார்.

வெள்ளிவிழாச் சிறப்பிதழுக்காக அவர் தேடிக் கண்டுபிடித்ததுதான் காஞ்சனாவின் பெயர். தொடரில் முகம் காட்டிய நடிகை வேறு. பாறையிலிருந்து குதித்ததும், கயிற்றில் தொங்கியதும், நெருப்பைத் தாண்டியதும் பத்தொன்பது வயதுக் காஞ்சனா. அவரைப் பார்ப்பதற்காகக் கமலக்கண்ணன் சென்ற அக்டோபரில் நகரிக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு தறியும் ஓடவில்லை. பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை அவர் எதிர்பார்க்கவில்லை. சுவரில் இடிமங்கை உடையில் காஞ்சனாவின் படம். கண்ணாடியில் குங்குமம், வாடிய சாமந்தி மாலை, கீழே அணைந்த அகல். மூலையில் ஒரு முதியவர் படுத்திருந்தார். அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். துக்க வீட்டில் கேள்வி கேட்பது பண்பாகாது என்று கருதி, கைகூப்பி ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார். சிறப்பிதழுக்கு ‘மறைந்த காஞ்சனா’ என்றே எழுதிக் கொடுத்தார்.

மூன்று முறை அளப்பவர், அன்று ஒருமுறைகூட அளக்கவில்லை.

இப்போது சிறப்பிதழின் சோதனை அச்சுப்படியைப் பதிப்பகத்தார் ‘மறைந்த காஞ்சனாவின் குடும்பத்தாருக்கு’ என்று முகவரியிட்டுக் கூரியரில் அனுப்ப, அதைக் கையெழுத்திட்டு வாங்கிப் பிரித்தவர் காஞ்சனாவே.

“எனக்குச் சிரிப்பாத்தான் இருக்குது சார்,” என்றார் அவர். பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது. “ஆனா சத்தியவேட்டுல எங்கம்மா தனியா இருக்குது. ஏற்கெனவே பிபி. பக்கத்து வூட்டுப் பசங்க மாசாமாசம் இந்தப் புக்கு வாங்குதுங்க. அதுங்க போய்ச் சொல்லிச்சின்னா, நான் போன் எடுக்கிறதுக்குள்ள அது உயிர் போயிடும். அதுக்குத்தான் மாத்தச் சொல்லிக் கேக்குறேன்.”

கமலக்கண்ணன் உடனே பதிப்பகத்தின் ஆசிரியை ரோஹிணியை அழைத்தார். மாலை ஐந்து மணிக்கு அச்சு ஏறுகிறது என்றும், பன்னிரண்டாயிரம் படிகள் என்றும் அவர் தெரிவித்தார். அதோடு ஒரு சிக்கலையும் சொன்னார். வெள்ளிவிழா அறிவிப்பு வந்த நாள்முதல், குதித்தது நான்தான் என்று இரண்டு பெண்கள் தொலைபேசியில் உரிமை கொண்டாடியிருந்தனர், இரண்டும் பொய். ஆகவே, குரலை நம்பிப் பக்கத்தை மாற்ற முதலாளி ஒப்பமாட்டார். “நீங்க எழுதிக் கொடுத்தீங்க, நாங்க பேரைச் சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டோம். இப்ப நீங்களே நேர்ல பாத்து நிச்சயமா சொல்லுங்க சார்,” என்றார் ரோஹிணி.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட கமலக்கண்ணன், புத்தூரில் பேருந்து மாறி நகரியில் இறங்கியபோது மணி ஒன்று. கொட்டகையில் தறிகள் காது அடைக்க ஓடிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கணவரை அழைத்தார்.

“இன்னாங்க, துக்கம் கேக்க வந்திருக்காரு. வந்து பதில் சொல்லுங்க.”

கணவர் முனிரத்தினம் நூல்தூசி படிந்த தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். நடந்ததை அவர்தாம் விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் கொட்டகையில் ஆயுத பூஜையன்று தறியை நிறுத்தினால் மூன்று நாளைக்குத் தொடமாட்டார்கள். பூஜை வைத்ததைக் கலைக்கவும் மாட்டார்கள். அக்டோபரில் கமலக்கண்ணன் வந்தது அந்த மூன்று நாளில் ஒன்று. ஆலையில் பூஜை முடிந்த மறுநாளே இயந்திரத்தை ஓட்டிப் பழகிய கமலக்கண்ணனுக்கு அது தோன்றவில்லை. சோறு போடுகிற அத்தனைக்கும் அன்று பொட்டும் பூவும் உண்டு. தறிக்கு, கத்தரிக்கு, ஸ்கூட்டருக்கு. முதல் தறி காஞ்சனா குதித்த கூலியில் வாங்கியது. அதனால் அந்தப் படத்துக்கும் உண்டு.

“உயிரோட இருக்கிற பொண்டாட்டி படத்துக்கு மாலை போடாதன்னு எத்தனியோ வாட்டி சொல்லிட்டேன் சார்,” என்றார் காஞ்சனா. “ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் வச்சாரு, எனக்கு வாடின சாமந்தி.”

முனிரத்தினம் முணுமுணுத்தார்: “போடும்போது வாடாமத்தான் இருந்திச்சி.”

சிரிப்பு அடங்கியதும் கமலக்கண்ணன் தயங்கித் தயங்கித் தம் கடமையைச் சொன்னார். அவரே காஞ்சனா என்பதில் தமக்கு ஐயமில்லை என்றாலும், பதிப்பகத்தாருக்குக் காட்ட ஏதேனும் வேண்டும். இருபது ஆண்டுகளாகத் தமக்கு விளங்காத ஒன்றைக் கேட்டார். முதல் பதினோரு வாரங்களில் இடிமங்கையின் மேலங்கியை வலத் தோளில் ஒரு பொன்னிறக் கொக்கி பிடித்திருக்கும். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து கொக்கி இல்லை; இடத் தோளில் முடிச்சு. படக்கதையிலும் முதல் இதழிலிருந்தே முடிச்சுதான். இதயம் இடப்பக்கம் இருப்பதால் அப்படி மாற்றினார்கள் என்று அவரே ஒருமுறை துணுக்கில் எழுதியிருந்தார்.

காஞ்சனா கழுத்துச் சேலையைச் சற்று விலக்கிக் காட்டினார். பழைய வடு ஒன்று கோடாகத் தெரிந்தது. குதிக்கும்போது மேலங்கி ஒரு முள்மரக் கிளையில் மாட்டிக்கொண்டதாம், கொக்கி விடவில்லை, கழுத்து இறுகிப் போயிற்றாம். கீழே இறக்கியதும் கொக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தம் முடிச்சைப் போட்டிருக்கிறார்.

சொல்லிக்கொண்டே, தறியோரம் கிடந்த துணியைத் தோளில் போட்டு இடக்கையால் மட்டுமே முடிந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்கக் கொத்துக் கொத்தாகக் கட்டிவைக்க நெசவாளர்கள் போடும் முடிச்சு அது. எவ்வளவு தொங்கினாலும் நழுவாது. நுனியை இழுத்தால் அக்கணமே அவிழும். வலக்கையால் நுனியைச் சுண்டினார். துணி தரையில் விழுந்தது.

“வலக்கை இழுக்கணும்னா முடிச்சு இடப்பக்கம்தானே இருக்கணும் சார். இதயமெல்லாம் இன்னாத்துக்கு.”

கமலக்கண்ணன் பையிலிருந்து பழைய இதழை எடுத்து ஓவியத்தோடு ஒப்பிட்டார். மடிப்பு மடிப்பாக அதே முடிச்சு. மூன்று முறை போடச் சொல்லி மூன்று முறையும் பார்த்தார். காஞ்சனா சலிக்காமல் போட்டார்.

இருவரும் திருப்பதிப் பேருந்தில் ஏறிப் பதிப்பகத்தை அடைந்தபோது நான்கேகால். ரோஹிணி வாசலுக்கே வந்து காஞ்சனாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். முதலாளிக்காக முடிச்சு நான்காம் முறையும் போடப்பட்டது. நாற்பது நிமிடத்தில் கறுப்புக் கட்டம் எடுக்கப்பட்டது, ‘மறைந்த’ போயிற்று, இருபதடி முப்பதடியாயிற்று. இதயத்தைப் பற்றித் தாம் முன்பு எழுதியது தவறு என்ற வரியைக் கமலக்கண்ணன் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். ஐந்து மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியபோதுதான், காலையிலிருந்து தாம் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

புறப்படும்போது, தமக்கு வந்த பழைய அச்சுப்படியைக் காஞ்சனா மடித்துக் கைப்பையில் வைப்பதைப் பார்த்து, அதைக் கிழித்துவிடலாமே என்று கமலக்கண்ணன் பதறினார்.

“ஏன் சார் கிழிக்கணும்? என்னப் பத்தி இவ்ளோ நல்லதா யாரும் எழுதினதில்ல. பத்திரமா இருக்கட்டும். வேண்டியபோது எடுத்துக்கினா ஆச்சி,” என்றார் காஞ்சனா. பிறகு தொலைபேசியை எடுத்துச் சத்தியவேட்டுக்கு அழைத்து, சாப்பிட்டாயா என்று அம்மாவைக் கேட்டார்.