தாத்தாவின் குடியுரிமைத் தாளோடு காளஹஸ்திக்கு

"நம்ம ஊர்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு பாருடா" என்று அப்பா கடைசி வரை நச்சரித்தார். ஜனவரியில் இறந்துபோனார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கையில் ஒரே தாள். மலேயாவுக்குக் கூலியாகப் போன தாத்தா, அங்கே குடியுரிமை கேட்டுக் கொடுத்த ஆங்கில விண்ணப்பத்தின் நகல். பிறந்த ஊர் காளஹஸ்தி, சித்தூர் ஜில்லா. தகப்பன் பெயர் முனுசாமி. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. என் பாட்டியைக் கட்டியது அதற்குப் பிறகு.

காலை 6.10க்குச் சென்னையில் பஸ், தடா வழியாக 9.30க்குக் காளஹஸ்தி. 190 ரூபாய். இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக விசாரித்து அலுத்துப்போனேன். தாளைப் பற்றிச் சொன்னதும் ஆட்டோக்காரர் சிரித்தார்.

"ரயிலேறின ஊர சொல்லிக்கிறாரு சார். கூலிக்குப் போனவங்கோ எல்லாம் ஏர்பேடு பக்கம்."

15 கி.மீ., 400 ரூபாய். மூன்றாவது கிராமத்து டீக்கடையில், மலேயாவுக்குப் போன முனுசாமி மகன் என்றதும் கடைக்காரர் கையை நீட்டினார். "அவரு பொண்ணு இன்னும் இங்கதான் கீது, அந்தப் பச்ச வூட்ல."

பொண்ணா? தாளை மறுபடி பார்த்தேன். பிள்ளைகள் இல்லை என்றுதான் இருந்தது.

அத்தைக்கு எண்பத்தைந்து வயது. அவர் வயிற்றில் இருக்கும்போதே தாத்தா கப்பலேறிவிட்டாராம். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா எப்போ பூட்டாரு?"

"எழுபத்தேழுல, தை மாசம் பன்னெண்டாம் தேதி."

அத்தை விரல்விட்டு எண்ணினார். "அம்மா எண்பத்தெட்டுல போச்சு. அதுவரிக்கும் பொட்டு வெச்சிக்கினுதான் இருந்திச்சு. சாவு சேதி வர்லியே கண்ணு."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செய்த தப்பில்லைதான், இருந்தாலும்.

"படையல் போடணும், நாள எழுதிக் குடு. பேத்தி ஸ்ரீசிட்டி கம்பெனில வேல செய்றா. நாளைக்கு வந்தா படிச்சிச் சொல்லுவா."

கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சாமி படத்தடியில் வைத்தார்.

ஏர்பேட்டிலிருந்து திருப்பதிக்கு 3.40 பஸ், 40 ரூபாய். ரேணிகுண்டா தாண்டும்போதுதான் அந்தத் தாளின் முன்பக்கம் நினைவுக்கு வந்தது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இறங்கித் திரும்பியிருக்கலாம். என்ன சொல்லி வாங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: தாளில் இருக்கும் ஊரோடு நின்றுவிடாதீர்கள், சுற்றுக் கிராமங்களிலும் கேளுங்கள். சித்தூர் ஜில்லா என்று எழுதியிருந்தாலும் இந்தப் பகுதி இப்போது திருப்பதி மாவட்டம். ஊரில் உதவுவது தகப்பன் பெயர்தான். யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுக்க, வெற்றுத்தாள் ஒன்று தனியாக எடுத்துப் போங்கள்.