சிரிக்கச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள்

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள், ரயில்வேக்காரர் மகள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சமூக நலவாழ்வுக்கு மானியம் கொடுக்கும் ஓர் அறவாரியம் என்னை மொழிபெயர்ப்புக்கு அழைத்தது. கேட்டு வருகிறவர்களில் பலர் தமிழர்கள். கொடுக்கிறவர்களில் ஒருவருக்கும் தமிழ் வராது. மலாயில் விலை பேசலாம், மனதிலிருப்பதைச் சொல்லத் தாய்மொழிதான் வேண்டும் என்று அறவாரியத்தாரே சொன்னார்கள். நல்ல மனிதர்கள் என்று நம்பித்தான் போனேன்.

கேரி தீவில் ஒரு தோட்டம். கணவனை இழந்த பெண்கள் சிலர் அங்கே, முன்பு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகையில் மாலை வேளைகளில் கூடுவார்கள். தாயம் ஆடுவார்கள், பாடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். கொட்டகையின் கழிப்பறை இடிந்து கிடந்தது. முட்டிவலியோடு ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு நடந்து போய்த் திரும்ப வேண்டும். அதைச் சரிசெய்து தரும்படிதான் கேட்டிருந்தார்கள்.

விசாரிக்க அதிகாரி ஒருவரும் புகைப்படக்காரர் ஒருவரும் வந்தார்கள், கூட நான். செம்பனைத் தோட்டத்துச் சேறு தன் வெள்ளைச் சப்பாத்தில் ஒட்டியதை அதிகாரியால் தாங்கவே முடியவில்லை. அன்று அங்கே நான் பார்த்த துயரம் அது ஒன்றுதான்.

"அவங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லச் சொல்லுங்க, ஆன்டி" என்றார் ஆங்கிலத்தில்.

சொன்னேன். கனத்த உடம்புக்கார அம்மா ஒருவர் முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு கிள்ளான் ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு விடறாரு, டீச்சர். கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தாரு. 'நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா'ன்னாரு. அவ்வளவுதான், போயிட்டாரு."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். புகைப்படக்காரர் அதைப் படமெடுத்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரி குழம்பிப்போனார்.

"இது சோகமா, ஜோக்கா?"

"ரெண்டும்தான்."

திரும்பும்போது காரில் அலுத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷமா இருக்காங்க லா. மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது?"

மேலிடத்தில் என்ன சொன்னாரோ, மானியம் கிடைத்தது. கழிப்பறைக்கு அல்ல. கழிப்பறை கட்டட வேலையாம், நலவாழ்வில் சேராதாம். அந்தப் பெண்களுக்குச் சிரிப்புப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள்.

செராஸிலிருந்து பயிற்சியாளர் வந்தார். நாற்பது வயதுத் தமிழர், கையில் ஒலிபெருக்கி. பயிற்சியைப் பார்த்துவிட்டு வரும்படி என்னையும் அனுப்பியிருந்தார்கள்.

"கையை மேல தூக்குங்க! ஹா ஹா ஹா! வயித்துலேர்ந்து!"

மரியாதைக்குக் கைகளைத் தூக்கினார்கள். கனத்த உடம்புக்கார அம்மா மெல்ல என் காதருகே வந்தார்.

"டீச்சர், இந்தத் தம்பிக்கு வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?"

பக்கத்திலிருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. அவர் வாயைப் பொத்த, அடுத்தவர் குலுங்க, எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். பயிற்சியாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"அப்படித்தான்! இன்னும் பலமா!"

"பலமா சிரிச்சா எனக்கு அடக்க முடியாது தம்பி" என்றார் அந்த அம்மா. "கக்கூஸ் எங்க லா இருக்கு?"

பயிற்சியாளர் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. அன்றே அறவாரியத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அடுத்த மானியத்தில் யோசிக்கலாம் என்றார்களாம்.

அறவாரியத்தின் ஆண்டு விருந்து கோலாலம்பூரில் பெரிய ஹோட்டலில் நடந்தது. பெரிய திரையில் எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, 'பயிற்சிக்குப் பின்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. ஆஸ்பத்திரிக் கதையின்போது எடுத்த படம் அது. அரங்கம் கைதட்டியது. அதிகாரியின் மேசைக்கு எழுந்து போனேன்.

"இது பயிற்சிக்கு முன்னாடி எடுத்தது."

"சிரிக்கிறாங்கதானே, ஆன்டி? அப்புறம் என்ன?" என்று கோழித்துண்டை வெட்டத் தொடங்கினார்.

என் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினேன். பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டார்கள், போகவில்லை.

பெண்கள் இப்போது கொட்டகைக்குப் போவதில்லை. அந்தக் கனத்த உடம்புக்கார அம்மாவின் வீட்டு வாசலில்தான் தாயம். போன மாதம் அங்கே போய் விருந்து விஷயத்தைக் கொதித்துக் கொதித்துச் சொன்னேன். அந்த அம்மா காயை நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"சாப்பாடு எப்படி, டீச்சர்?"

"பாதியில வச்சுட்டு வந்துட்டேன்."

"அட, என்ன டீச்சர் நீங்க! முழுசா சாப்பிட்டுட்டுக் கோபப்பட்டிருக்கலாம்ல?"