நரேஷ் பின் ப்ரஹ்லாத்

பக்தவச்சலத்தைப் பதினாறு வருஷமாக எனக்குத் தெரியும். மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் நாங்கள் ஒரே பெட்டி. வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் செக்யூரிட்டி. தெருநாய் உள்ளே நுழைந்தால்கூட "போப்பா, வெளிய போப்பா" என்று கெஞ்சுகிற ஆள். இவரை நம்பி யார் கேட்டைக் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார்.

அவரும் வின்சென்ட்டும் முனியப்பனும் ஆண்ட்ரூவும் தங்கவயலில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ரயிலிலும் நான்கு பேருக்கும் எதிரெதிர் இருக்கைதான். மூன்று வருஷத்துக்கு முன் வைட்ஃபீல்ட் நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில் பைக் ஓட்டி வந்த ஒருவனை ஆண்ட்ரூ தட்டிக் கேட்டான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஆண்ட்ரூவின் தலையிலேயே அடித்தான். மூன்றாம் நாள் ஆண்ட்ரூ செத்துப்போனான். அதற்குப் பிறகு அந்த இருக்கையில் ஒரு துண்டைப் போட்டுவைத்தார்கள். உட்காரப் போனவர்களை வின்சென்ட் பார்த்த பார்வையில் யாரும் உட்காரவில்லை.

ஆண்ட்ரூவின் மனைவி யூனிஸ் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போய்வந்தாள். அங்கே ஏட்டு கன்னடத்தில் படித்துச் சொன்ன பெயரையும் தெருவையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். "நரேஷ் பின் ப்ரஹ்லாத், நாலாவது குறுக்குத் தெரு, ஹூடி." மூன்று பேரும் அதை ரயிலில் வைத்துப் படித்தார்கள்.

"அடிச்சவன் நரேஷ். பின்னால இருந்து ஏவிவுட்டவன் ப்ரஹ்லாத்" என்றான் வின்சென்ட். மற்ற இருவருக்கும் அப்படித்தான் பட்டது. நரேஷ் ஜாமீனில் வந்து வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான். மிஞ்சியது ப்ரஹ்லாத் மட்டும்.

போன கார்த்திகை மாதம் பக்தவச்சலம் வேலைபார்க்கும் குடியிருப்பின் டி பிளாக்குக்கு ஒரு பெரியவர் தனியாகக் குடிவந்தார். பெயர் ப்ரஹ்லாத். பழைய விலாசம், சீட்டில் இருந்த அதே தெரு. பக்தவச்சலம் இதை மறுநாள் ரயிலில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் வருகிறது.

மற்ற வீடுகளுக்கு வருகிறவர்களை, வீட்டுக்காரர் போன் ஆப்பில் சரி என்று சொன்னால்தான் உள்ளே விட முடியும். பெரியவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவரைத் தேடி வருகிறவர்களை கேட்டிலேயே பதிந்து அனுப்பிவிடலாம். மூன்று பேரும் பேசிவைத்தபடி ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வின்சென்ட்டும் முனியப்பனும் கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர்களாக வந்தார்கள். பையில் மச்சு இருந்தது, புதிதாகச் சாணை பிடித்த நீள அரிவாள். பக்தவச்சலம் பெயரைப் பதிந்தார், கேட்டைத் திறந்தார். இதையெல்லாம் அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அவர்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் குடியிருப்பு அலுவலகத்தில் வேலைபார்க்கும் மைதிலி ஒரு படிவத்தோடு வந்தாள். செக்யூரிட்டிகளைப் பற்றிப் போலீஸ் விசாரிக்கக் கேட்டிருந்த படிவம், முழுக்கக் கன்னடம். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அவளே படித்துக் காட்டினாள். "பக்தவச்சலம் பின் எல்லப்பா."

"எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆவுதும்மா. அவர எதுக்கு எம்பின்னால நிக்க வச்சிருக்கீங்க?"

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பின் இல்லண்ணா. கன்னடத்துல 'பின்'னு போட்டா மகன்னு அர்த்தம். எல்லப்பாவோட மகன் பக்தவச்சலம்."

அவர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். லிஃப்டுக்கு நிற்காமல் மூன்று மாடி ஏறினார். கதவு திறந்தே கிடந்தது. பெரியவர் தோளில் ஒரு வெட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். முனியப்பன் அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"வுடுங்கடா, இவரு ஏவிவுட்டவரு இல்ல. அவனோட அப்பா. பின்னுன்னா மகன்டா. நாமதான் தப்பா படிச்சிட்டோம்."

முனியப்பன் கையை எடுத்துவிட்டான். வின்சென்ட் மச்சைக் கீழே போடவில்லை.

"மூணு வருஷமா இந்தப் பேரச் சொல்லித்தான்டா தூங்குறேன்" என்றான். "இப்ப வந்து வேற அர்த்தம் சொல்றியே, நான் எங்க போவேன்?"

மச்சு இறங்கியது. பக்தவச்சலம் குறுக்கே கையை நீட்டினார். இரண்டு விரல் போயிற்று. அப்படியும் அது பெரியவர் கழுத்தில் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. மகன் செய்த எதிலும் அவருக்குப் பங்கில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது.

குடியிருப்புக்காரர்களுக்கு பக்தவச்சலம் ஒரே நாளில் வீரராகிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள், ஜனவரி இருபத்தாறில் கொடியேற்றும்போது சால்வை போர்த்துவது என்று முடிவும் செய்தார்கள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் அடையாளம் காட்டுவதற்காக வின்சென்ட்டையும் முனியப்பனையும் விலங்கோடு பக்தவச்சலத்தின் கட்டிலருகே கொண்டுவந்தார்.

"இவங்க உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டார்.

பக்தவச்சலம் வாயைத் திறக்கும் முன் வின்சென்ட் முந்திக்கொண்டான். "இந்த வாட்ச்மேன் யாருன்னே எங்களுக்குத் தெரியாது சார். ரிப்பேருன்னு பொய் சொல்லித்தான் உள்ள போனோம்." முனியப்பன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் அவரைப் பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு கிளம்பினார். அவர் கதவுவரை போய்விட்டார். பக்தவச்சலம் சும்மா இருந்திருந்தால் போதும்.

"எழுதனத அடிச்சிருங்க சார்" என்றார் பக்தவச்சலம். "ரெண்டு பேரும் என் சிநேகிதனுங்க. பெரியவரு இங்க இருக்காருன்னு சொன்னது நான். கேட்ட தொறந்து வுட்டதும் நான்தான்."